அவருடைய பென்சன் நின்ற இடத்தில் உங்களுடையது தொடங்க வேண்டும்

வாசகர் கேள்வி:

ஐயா, முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். இவர் 1979 இல் ஆசிரியராகச் சேர்ந்து 2014 இல் ஓய்வுபெற்றவர். மூன்று மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். இவர் செத்த பிறகும் இரண்டு மாதம் பென்சன் காசு வங்கியில் விழுந்தது. மூத்தவன் காட் போட்டு எடுத்துச் செத்தவீட்டுக் கடனுக்கும் அந்தியேட்டிக்கும் கொடுத்துவிட்டான். இப்போது அது குற்றம், பொலிஸ் வரும் என்று சனம் சொல்லுது. நாங்கள் 1982 இல் உருத்திரபுரத்தில் எழுதிக் கலியாணம் கட்டினோம். அந்த எழுத்துப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் 2009 இல் மாத்தளனில் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடி வந்தது. என் பெயரும் அடையாள அட்டையில் ஒருமாதிரி, இவருடைய பைலில் வேறுமாதிரி. எழுத்து இல்லாவிட்டால் விதவைப் பென்சன் வராது, ஐம்பதாயிரம் தந்தால் கொழும்பில் ஆள் வைத்து முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வீட்டுக்கு வந்து போகிறார். இளையவனுக்குப் பதினாறு வயதில் தலையில் செல் துண்டு பட்டது. வலிப்பு வரும், தனியே விட ஏலாது. எனக்குப் பிறகு அவனுக்கு ஏதும் கிடைக்குமா?

பதில்:

அம்மா, முதலில் அந்த ஐம்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் மிச்சத்தையாவது கொடுக்காதீர்கள். விதவைப் பென்சனுக்கு விண்ணப்பிக்க எந்த அலுவலகத்திலும் கட்டணம் இல்லை. நீங்கள் காசு கட்டப் போவது பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்களின் பிரதி எடுக்கும்போது மட்டும்தான், அதுவும் சிறிய தொகை, பற்றுச்சீட்டோடு. கொழும்பில் "ஆள்" வைத்து முடிக்கிற வேலை இதில் ஒன்றுமே இல்லை, ஏனென்றால் உங்கள் விண்ணப்பம் போகிற வழி கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்குள்ளால்தான், அங்கே கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள்தான். நான் அந்த மேசைக்குப் பின்னால் இருந்து வேலை செய்தவன். தரகர் கொண்டுவந்து தந்த பைலும் ஒரு தாய் தானே கொண்டுவந்து தந்த பைலும் அதே வழியில்தான் போகும், தரகரின் பைல் ஒரு நாளும் முந்திப் போனதில்லை.

இது யாரும் இரங்கித் தருகிற உதவிப் பணமும் இல்லை. உங்கள் கணவர் முப்பத்தைந்து வருடம் படிப்பித்தார், அந்தக் காலம் முழுக்க அவருடைய சம்பளச் சிட்டையில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கென்று ஒரு பங்கு வெட்டப்பட்டிருக்கும். பழைய சிட்டை ஒன்று எங்காவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள், டபிள்யூ அண்ட் ஓபி என்று ஒரு வரி இருக்கும். 1898 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது, ஆண் உத்தியோகத்தர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். சண்டைக் காலத்தில் வன்னிக்குள் சம்பளம் பிந்தி வந்தது, இரண்டு மூன்று மாதச் சம்பளம் ஒன்றாக வந்தது, அப்போதும் அந்த வெட்டு வெட்டப்பட்டது. ஆகவே அலுவலகத்துக்குப் போகும்போது கெஞ்சுகிற மாதிரிப் போகாதீர்கள். அவர் கட்டி வைத்ததைக் கேட்கப் போகிறீர்கள்.

அந்த இரண்டு மாதக் காசுக்கு வருகிறேன், உங்களுக்கு நித்திரை இல்லாமல் செய்வது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஓய்வூதியர் இறந்த நாளோடு அவருடைய ஓய்வூதியம் முடிகிறது. அந்த நாள் வரைக்கும் உரியது குடும்பத்துக்குச் சேர வேண்டியது, அதற்குப் பிறகு விழுந்தது கூடுதலாகச் செலுத்தப்பட்ட அரசாங்கப் பணம், திருப்பிக் கொடுக்க வேண்டும். மகன் எடுத்தது பிழைதான், ஆனால் இறப்பைச் சொல்லிக் கடிதம் கொடுத்து, இன்ன இன்ன திகதியில் இவ்வளவு எடுத்துச் செத்தவீட்டுச் செலவுக்குப் பாவித்தோம், இதை எனக்கு வரவேண்டிய நிலுவையில் கழித்துக்கொள்ளுங்கள் அல்லது தவணையில் கட்ட அனுமதியுங்கள் என்று நீங்களாகவே எழுதிக் கொடுத்தால் அது கணக்குப் பிரச்சினையாகவே முடியும். மறைத்து, நாலைந்து மாதம் தொடர்ந்து எடுத்து, பிறகு அவர்களே கண்டுபிடித்தால்தான் கதை வேறாகும். எனவே காட்டை இன்றைக்கே மகனிடமிருந்து வாங்கி வையுங்கள். இனி அந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் தொடக்கூடாது. கடிதத்துக்கு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. அந்தியேட்டி முடியட்டும், துடக்குக் கழியட்டும், அதுவரைக்கும் அலுவலகப் படி ஏறக்கூடாது என்று வீட்டில் இருத்தி வைத்துவிடுவார்கள். அதை நான் மதிக்கிறேன், ஆனால் இறப்பைத் தெரிவிக்க மனைவிதான் போக வேண்டும் என்று இல்லை. மகன் போகலாம், மருமகன் போகலாம், பக்கத்து வீட்டு வாத்தியார் போகலாம். முதல் கிழமையிலேயே ஒருவர் போய்ச் சொல்லியிருந்தால் இந்த இரண்டு மாதக் கவலையும் வந்திராது. வாசிக்கிற மற்றவர்கள் இதை மனதில் வைத்திருங்கள்.

பிந்திவிட்டதால் இழந்துவிட்டோமோ என்றும் பயப்படாதீர்கள். உங்களுடைய ஓய்வூதியம் அவர் இறந்த நாளுக்கு மறுநாளில் இருந்து கணக்குப் பார்க்கப்படும், விண்ணப்பம் கொடுத்த நாளில் இருந்து இல்லை. கையில் வரச் சில மாதம் எடுக்கலாம், வரும்போது இடைப்பட்ட காலத்து நிலுவையும் சேர்ந்து வரும்.

சரி, எழுத்துப் பத்திரம். அந்தப் பங்கருக்குள் போனது உங்கள் பிரதி மட்டும்தான், அம்மா. பதிவு போகவில்லை. விவாகப் பதிவாளர் எழுதும்போது இரட்டையாகத்தான் எழுதுவார், ஒன்று மாவட்டத்தில் இருக்க மற்றது பதிவாளர் நாயகத்துக்குப் போகும். இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் வன்னியில் தங்களுக்குக் கலியாணமே பதிவில் இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். அதைத்தான் வீட்டுக்கு வருகிற அந்த ஆளும் பாவிக்கிறார்.

ஆனால் அதைத் தேடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் கணவர் 2014 இல் ஓய்வுபெற்றபோது ஒரு பைல் போயிருக்கும். சேவையில் இருக்கும்போதே விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்குப் பதிந்திருப்பார், அதற்கு ஒரு இலக்கம் இருக்கும், மனைவி பிள்ளைகளின் விபரமும் அதில் இருக்கும். பங்கருக்குள் பத்திரம் போனது 2009 இல். அவர் ஓய்வுபெற்றது அதற்கு ஐந்து வருடம் கழித்து. அப்படியென்றால் ஓய்வுபெறும்போது அவர் எங்கோ ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்பே பைலில் ஒன்று இருந்திருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் "கோவையில் என் விவாகப் பத்திரத்தின் பிரதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அங்கே இல்லை என்றால் அவர் கடைசியாகக் கடமை பார்த்த வலயக் கல்வி அலுவலகத்தில், முல்லைத்தீவு வலயமோ துணுக்காய் வலயமோ, அவருடைய சுயவிபரக் கோவையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரதி கிடைத்தால் அதில் பதிவு இலக்கமும் திகதியும் பதிவாளர் பிரிவும் இருக்கும், அந்த மூன்றும் இருந்தால் புதிய பத்திரம் எடுப்பது சின்ன வேலை.

கிடைக்காவிட்டால் தேடத்தான் வேண்டும், அங்கே ஒரு விஷயம் உங்களைக் குழப்பும். உருத்திரபுரம் இன்றைக்குக் கிளிநொச்சி மாவட்டம். நீங்கள் கலியாணம் கட்டிய 1982 இல் கிளிநொச்சி என்று ஒரு மாவட்டமே இல்லை, 1984 இல்தான் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து பிரித்தார்கள். ஆகவே உங்கள் பதிவு அன்றைக்கு யாழ்ப்பாண மாவட்டப் பதிவாகத்தான் போயிருக்கும். கிளிநொச்சியில் "இல்லை" என்று ஒரு வார்த்தையில் சொன்னால் அதோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். யாழ்ப்பாணத்திலும் கேட்க வேண்டும், அங்கேயும் இல்லாவிட்டால் பதிவாளர் நாயகத்தின் மத்திய பதிவறைக்கு எழுத வேண்டும். இதெல்லாவற்றுக்கும் அலைவதற்கு முன் உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவிலேயே கேட்டுப் பாருங்கள், 1960 க்குப் பிறகு பதிந்த பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளில் பெரும்பகுதி கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறது, அதில் உங்களுடையதும் இருந்தால் முள்ளியவளைக்குப் பக்கத்திலேயே வேலை முடியும். திகதி சரியாக நினைவில்லை என்றாலும் பரவாயில்லை. ஆண்டும் இருவருடைய பெயரும் பதிவாளர் பிரிவும் சொல்லி, தேடும் கட்டணம் கட்டித் தேடச் சொல்லலாம். கலியாணம் ஆவணியிலா தையிலா, சாட்சிக்குக் கையெழுத்து வைத்தவர் யார் என்று அண்ணன் தம்பிமாரிடம் கேட்டு வையுங்கள், தேடுகிறவருக்கு அது உதவும்.

எங்கேயுமே இல்லை என்று வந்தால், அப்படி வருவது அரிது, "தேடினோம், கிடைக்கவில்லை" என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. அந்தக் கடிதத்தோடுதான் அடுத்த கதவைத் தட்ட முடியும். உங்கள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கூடு இருக்கும், அதில் ஆம் என்று எழுதி விவாகம் நடந்த இடமும் திகதியும் போட்டிருப்பார்கள். ஆதலால் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களைத்தான் நீங்கள் முதலில் எடுக்க வேண்டும். அவர்களுக்காக மட்டும் இல்லை, உங்களுக்காகவும். நான் பார்த்த பைல்களில், விவாகத் திகதி யாருக்கும் நினைவில்லாமல் தடுமாறியபோது மூத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரம்தான் திகதியைக் காட்டித் தந்தது. அதற்கும் அப்பால் போக வேண்டி வந்தால் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. நம் வழக்கப்படி தாலி கட்டி, ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததை இலங்கை நீதிமன்றங்கள் விவாகமாக ஏற்றுக்கொள்கின்றன. அதற்கு ஒரு சட்டத்தரணி வேண்டும். உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது என்றுதான் நினைக்கிறேன், நீங்கள் எழுதிக் கட்டியவர்.

பெயர் மாற்றம் உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல, வன்னியில் பைல் தாமதிப்பதற்கு நான் கண்ட காரணங்களில் முதலாவது இதுதான். பைலில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் சிங்களத்தில் ஒரு உச்சரிப்பு, பிறப்புப் பத்திரத்தில் தமிழில் இன்னொன்று, கலியாணத்துக்குப் பிறகு தகப்பன் பெயருக்குப் பதில் கணவன் பெயர், முகாமில் பதிந்தபோது யாரோ கேட்ட மாதிரி எழுதிய வேறொன்று. சின்ன வித்தியாசம் என்றால் இந்தப் பெயர்களில் அழைக்கப்படுபவர் ஒருவரே என்று கிராம அலுவலர் உறுதிப்படுத்திப் பிரதேச செயலாளர் மேலொப்பம் இடும் கடிதமும், சமாதான நீதவான் முன்னால் முடித்த ஒரு சத்தியக்கடதாசியும் வழமையாகப் போதும். சத்தியக்கடதாசியில் எல்லா ஆவணத்திலும் உள்ள எல்லாப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள், ஒன்றை விட்டால் அதற்காகவே பைல் திரும்பி வரும். அடையாள அட்டை இலக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். பிறந்த திகதியே மாறியிருந்தால் அது வேறு, அதைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

புதிதாக ஒரு வங்கிக் கணக்குத் திறவுங்கள், உங்கள் பெயரில் மட்டும். மகனோடு சேர்ந்த கணக்கு வேண்டாம். கணவருடைய பழைய கணக்கைப் பாவிக்கவும் முடியாது. பிறகு மரணப் பத்திரம். ஆஸ்பத்திரியில் இறந்தபடியால் அது ஏற்கெனவே பதிவாகியிருக்கும், அதில் அவருடைய பெயர் ஓய்வூதியப் பைலில் உள்ள மாதிரியே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். செத்தவீட்டு அவசரத்தில் விபரம் சொன்னவர் வீட்டுப் பெயரைச் சொல்லியிருந்தால் இப்போதே திருத்த விண்ணப்பம் போட வேண்டும். இவற்றோடு கணவருடைய ஓய்வூதிய இலக்கம், அவருடைய ஓய்வூதியர் அட்டை, உங்கள் பிறப்புப் பத்திரம், நீங்கள் மறுமணம் செய்யவில்லை என்ற உறுதி, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று. எல்லாம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். இறப்பைத் தெரிவிக்கும் கடிதமும் விண்ணப்பமும் முதலில் போகட்டும், குறைகிறதை அவர்கள் கேட்க நீங்கள் பிறகு சேர்க்கலாம்.

எவ்வளவு வரும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவருடைய கடைசிச் சம்பளத்தையும் சேவைக் காலத்தையும் வைத்துத்தான் அது கணிக்கப்படும். பென்சன் வழங்கும் கடிதம் வரும்போது கணிப்பு எப்படி வந்தது என்பதைக் கேட்டு வாங்கி, தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற அதிபரிடமாவது காட்டிச் சேவைக் காலம் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வன்னி ஆசிரியர்களில் பலர் நிரந்தர நியமனத்துக்கு முன்னால் வருடக் கணக்கில் தொண்டர் ஆசிரியராகப் படிப்பித்தவர்கள், அந்தக் காலம் ஓய்வூதியத்துக்குச் சேர்க்கப்படுவதில்லை. எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை. குண்டு விழுகிற நேரத்தில் மரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் அவர்கள். ஆனால் நிரந்தர நியமனத் திகதியே பைலில் பிந்திப் போடப்பட்டிருந்தால் அது பிழை, அதைத் திருத்தக் கேட்கலாம். உங்கள் கணவருக்கு 1979 நியமனக் கடிதத்தின் திகதிதான் கணக்கு.

இனி இளையவன். உங்கள் கடிதத்தில் கடைசி வரியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் வரி.

சாதாரணமாகத் திருமணமாகாத, வேலையில்லாத பிள்ளைக்கு 26 வயது வரைக்கும்தான் அநாதைகள் ஓய்வூதியம். நீங்கள் இருக்கும்வரை ஓய்வூதியம் உங்களுக்கு வரும், உங்களுக்குப் பிறகே பிள்ளைக்கு. ஆனால் உழைத்து வாழ முடியாத அளவுக்கு அங்கவீனமான பிள்ளைக்கு அந்த வயது எல்லை இல்லை, வாழ்நாள் முழுக்கக் கிடைக்கும். உங்கள் மகன் இதற்குள் வரக்கூடியவன். அவனுக்குக் காயம் பட்டது பதினாறு வயதில், வயது எல்லைக்கு எவ்வளவோ முன்னால், அதுவும் தகப்பன் சேவையில் இருக்கும்போதே. இதைக் கடதாசியில் காட்ட வேண்டும், அதைச் செய்ய வேண்டியது நீங்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும் இப்போது. நீங்கள் போன பிறகு அவனால் ஒரு விண்ணப்பத்தை நிரப்ப முடியாது, எந்த வருடம் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று சொல்லவும் முடியாது. தாய் இருந்தவரை ஒரு குறையும் இல்லாமல் இருந்த பிள்ளை, தாய் செத்த பிறகு பத்திரம் இல்லாததால் கைவிடப்பட்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காயம் பட்ட அன்றைக்கு அவனை எங்கே கொண்டுபோனீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2009 மாசியில் இருந்து வைகாசி வரைக்கும் புதுமாத்தளனில் இருந்தும் கடைசியில் முள்ளிவாய்க்காலில் இருந்தும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கப்பலில் காயக்காரரை ஏற்றித் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் கொண்டுபோனது. அவன் அந்தக் கப்பலில் போயிருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் அனுமதித்த பதிவு இருக்கலாம். தரை வழியாக வந்திருந்தால் வவுனியா ஆஸ்பத்திரி, மெனிக் பாம் முகாமில் மருந்து எடுத்த துண்டுகள். எந்தப் பழைய துண்டையும் எறியாதீர்கள், மை அழிந்ததையும். வலிப்புக்கு இப்போது எந்தக் கிளினிக்கில் காட்டுகிறீர்களோ அந்த வைத்தியரிடம், காயம் எப்போது ஏற்பட்டது, என்ன பாதிப்பு, அவனால் வேலை செய்து தன்னைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்ற மூன்றையும் தெளிவாக எழுதிய ஒரு அறிக்கை கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் அவனுடைய பெயர் மாற்றுத்திறனாளிகள் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பதியுங்கள். அவனுக்கு அடையாள அட்டை இல்லையென்றால் அதையும் எடுங்கள். வெளியில் போகிறதில்லை என்பதற்காக எடுக்காமல் விட்டுவிடுகிற வீடுகள் இருக்கின்றன.

இவற்றை உங்களுடைய விண்ணப்பத்தோடேயே கொடுத்து, அங்கவீனமான பிள்ளை ஒருவர் இருக்கிறார் என்பதை ஓய்வூதியக் கோவையில் பதியும்படி எழுத்தில் கேளுங்கள். மூத்த மகனோடும் ஒரு நாள் இருந்து பேசுங்கள். உங்களுக்குப் பிறகு தம்பியின் காசை யார் வாங்கி யார் அவனுக்காகச் செலவழிப்பது என்று இப்போதே முடிவு வேண்டும். அவனாலேயே கணக்கு நடத்த முடியாது என்றால் பாதுகாவலர் ஒருவரை நியமிக்க வேண்டிவரும், அதற்கு மாவட்ட நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருக்கலாம். மூத்தவன் காட் போட்டு எடுத்தது பேராசையில் இல்லை, கடனில். அவனைத் திட்டி ஒதுக்கிவிடாதீர்கள். அவன்தான் நாளைக்கு இவனைப் பார்க்கப் போகிறவன்.

இதே விஷயத்தைக் கேட்டு, கணவன் காணாமல்போன பெண்களும் எழுதுகிறார்கள், அவர்களுக்கும் இதில் கொஞ்சம். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் சண்டையில் காணாமல்போய் ஒரு வருடத்துக்கு மேலானவர்களின் இறப்பைப் பதிய வழிவைத்தது. 2016 இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம் என்று வைத்தார்கள். முன்னர் நெருக்குதலில் மரணப் பத்திரம் எடுத்தவர்கள் அதை ரத்துச் செய்து இந்தச் சான்றிதழுக்கு மாறவும் முடியும். பென்சனுக்காக மரணப் பத்திரத்தை எடு என்று நான் எந்தப் பெண்ணுக்கும் சொல்லமாட்டேன், அது அவளுடைய முடிவு, அதை அவசரப்படுத்த எந்த அலுவலருக்கும் உரிமை இல்லை. அரச உத்தியோகத்தராக இருந்த கணவர் என்றால், எந்த முடிவு எடுத்தாலும் அவர் கடமை பார்த்த திணைக்களத்தில் அவருடைய கோவையும் விதவைகள் அநாதைகள் இலக்கமும் இருக்கிறதா என்பதை மட்டும் இப்போதே உறுதிப்படுத்தி வையுங்கள்.

சேவையில் இருக்கிற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் உங்கள் விதவைகள் அநாதைகள் இலக்கம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்பார். பிறகு பிறந்த பிள்ளை பதியப்படாமல் இருக்கும், சம்பளமற்ற விடுமுறையில் நின்ற மாதங்களுக்குப் பங்களிப்புக் கட்டாமல் இருக்கும், அது கடைசியில் உங்கள் மனைவியின் தலையில் நிலுவையாக விழும். பெண் ஆசிரியர்களே, உங்களுக்கும்தான் இது. 1983 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டத்தில் இருந்து பெண் உத்தியோகத்தரின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தபுதாரர், அதாவது மனைவியை இழந்தவர், அநாதைகள் ஓய்வூதியம் இருக்கிறது. மனைவி டீச்சராக இருந்து இறந்து, தனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக் கேட்காமலே இருந்த ஆண்கள் இருக்கிறார்கள்.

அம்மா, திரும்ப உங்களிடம். பைல் கொழும்புக்குப் போன பிறகு மாதக் கணக்கில் சத்தம் இல்லாமல் இருந்தால் 1970 என்ற ஓய்வூதியத் திணைக்கள இலக்கத்துக்கு எடுத்துத் தமிழில் கேளுங்கள், கணவருடைய ஓய்வூதிய இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அதிலும் பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "என் கோவை இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன ஆவணம் குறைகிறது" என்று இரண்டு வரியில் தமிழில் எழுதிக் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழில் தரும்படி திருப்பி எழுதுங்கள், விளங்காத கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

திங்கட்கிழமை மகனோடு போங்கள். இறப்பு அறிவிக்கும் கடிதம், மரணப் பத்திரம், அவருடைய ஓய்வூதியர் அட்டை, உங்கள் அடையாள அட்டை, அந்த வங்கிக் காட். இந்த ஐந்தும் கையில் இருந்தால் முதல் நாளுக்குப் போதும். கோவையில் விவாகப் பத்திரத்தின் பிரதி இருந்ததா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.